குடத்தின் கணக்கும் குடும்பத்தின் கணக்கும்

(உளுந்தூர்பேட்டையில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கணிதத்தைச் சார்ந்ததொரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, கணிதம் பயின்றவரும் பயிலாதவரும் ஒருங்கே அமர்ந்து கேட்கத்தக்க முறையில் பேசவேண்டும் என்று அறக்கட்டளையார் பணித்தபோது, சந்தேகத்துக்கு இடமின்றி விடை தெரிந்திருந்தும், கேட்டவர்கள் இருநூறு ஆண்டுகளாகச் சண்டையிட்டுக்கொண்டே இருக்கிற ஒரு புதிரைத் தேர்ந்துகொள்வதே தக்கதென்று எனக்குப் பட்டது. அந்தப் புதிர் நம்முடைய வீடுகளுக்குள்ளேயே நடக்கிற ஒன்று என்பதும், அதன் விடையை ஒப்புக்கொண்டால் நாம் ஒப்புக்கொள்ள விரும்பாத வேறோர் உண்மையையும் ஒப்புக்கொள்ள நேரும் என்பதும், நான் அதைத் தேர்ந்ததற்கு மேலும் இரு காரணங்கள்.

புதிர் இதுதான். ஓர் ஊரில் உள்ள தம்பதிகள் அனைவரும் ஆண்குழந்தை பிறக்கும்வரை பிள்ளை பெற்றுக்கொண்டே செல்கிறார்கள். ஆண்குழந்தை பிறந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். முதற்பிள்ளையே ஆணானால் அந்தக் குடும்பம் அத்துடன் முடிந்தது. பெண்ணானால் அடுத்தது, அதுவும் பெண்ணானால் அதற்கடுத்தது. ஒவ்வொரு பிறப்பிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமவாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். எல்லாக் குடும்பங்களும் தத்தம் விரதத்தை நிறைவேற்றி முடித்தபின், அவ்வூர்க் குழந்தைகளில் ஆண்கள் மிகுந்திருப்பார்களா, பெண்கள் மிகுந்திருப்பார்களா?

இதைக் கேட்ட மாத்திரத்தில் சபை இரண்டாகப் பிரிந்துவிடும். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஆண் நிச்சயமாக இருக்கிறான், பாதி வீடுகளில் பெண்ணே இல்லை, ஆகையால் ஆண்களே மிகுதி என்பார் ஒரு சாரார். எந்த வீட்டிலும் ஆண் ஒருவனுக்கு மேல் இல்லை, பெண்களோ மூவரும் ஐவருமாக நிறைந்த வீடுகள் பல, ஆகையால் பெண்களே மிகுதி என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் கூறுகிற காரணங்கள் ஒவ்வொன்றும் மெய்யே என்பதுதான் இவ்வழக்கின் விசித்திரம். காரணங்கள் மெய்யாயிருந்தும் இரண்டு முடிவுகளும் பிழையானவை. ஆணும் பெண்ணும் சமமாகவே இருப்பார்கள் என்பதே சரியான விடை.

அதைக் காண்பதற்கு உயர்கணிதம் ஏதும் வேண்டியதில்லை. எளிதாக வகுபடும்பொருட்டு 1,024 குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். முதற்பேற்றில் 512 ஆண்கள், 512 பெண்கள். ஆண் பெற்ற 512 குடும்பங்கள் நின்றுவிடுகின்றன. பெண் பெற்ற 512 குடும்பங்கள் மட்டும் இரண்டாம் பேற்றுக்குச் செல்கின்றன. அங்கே 256 ஆண்கள், 256 பெண்கள். மூன்றாவதில் 128, 128. நான்காவதில் 64, 64. எத்தனையாவது பேற்றை எடுத்துக்கொண்டாலும், அதற்கு வந்து சேர்ந்தவர்கள் யாராயினும், அவர்களுக்குப் பிறந்தவர்களில் பாதி ஆண், பாதி பெண். சமமான எண்களைச் சமமான எண்களோடு எத்தனை முறை கூட்டினாலும் கூட்டுத்தொகை சமமாகவே இருக்கும். பெற்றோர் தாங்கள் எப்போது நிற்பது என்பதைத் தீர்மானிக்கலாம்; அடுத்துப் பிறப்பது எது என்பதை அவர்களுடைய தீர்மானம் தீண்டுவதில்லை.

இந்த நியாயத்தை முதன்முதலில் தெளிவாக எழுதிவைத்தவர்களுள் ஒருவர் பிரெஞ்சு தேசத்துப் பேரறிஞர் லாப்லாஸ். 1814ஆம் ஆண்டில் வெளிவந்த நிகழ்தகவு பற்றிய தத்துவக் கட்டுரையில், மனிதர் இவ்விஷயத்தில் அடைகிற பிரமைகளுக்கென்றே தனியானதோர் அதிகாரத்தை அவர் ஒதுக்கியிருக்கிறார். ஐரோப்பாவில் ஆண்பிறப்பு பெண்பிறப்பைவிடச் சிறிது மிகுந்திருப்பது அக்காலத்தில் நன்கு அறியப்பட்டிருந்தது. லண்டனில் 82 ஆண்டுகள் இடையறாது அவ்வாறே நிகழ்ந்ததை ஜான் அர்பத்நாட் என்னும் மருத்துவர் 1710ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டி, அதைத் தெய்வ சங்கல்பத்துக்குச் சான்றாகக் கொண்டார். லாப்லாஸின் காலத்திலோ, குலத்தின் பெயர் நிலைக்க ஆண்மகவை வேண்டிப் பெற்றோர் காத்திருப்பதும், அது கிட்டியதும் நின்றுவிடுவதுமே இம்மிகுதிக்குக் காரணம் என்று சிலர் விளக்கம் கூறிவந்தார்கள். எண்ணிறந்த வெள்ளைப் பந்துகளும் கருப்புப் பந்துகளும் சமமாக நிறைந்த குடமொன்றிலிருந்து ஒவ்வொருவரும் வெள்ளைப் பந்து வரும்வரை எடுத்து, வந்ததும் நின்றாலும், எடுக்கப்பட்ட பந்துகளில் வெள்ளை மிகுந்துவிடாது என்று காட்டி, அவ்விளக்கத்தை அவர் தள்ளிவிட்டார்.

குடத்திலிருந்து எடுக்கும் இம்முறை தமிழ்நாட்டுக்கு அந்நியமானதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் கலக்கி, விவரம் அறியாத ஒரு சிறுவனைக்கொண்டு எடுப்பிக்கும் முறையை விரிவாக வகுத்திருக்கின்றன. எடுக்கிற கைக்கு விருப்பு வெறுப்பு இருத்தலாகாது என்பதற்காகவே சபையோர் சிறுவனைத் தேடினார்கள். லாப்லாஸின் குடமோ அதைவிடக் கண்டிப்பானது. எடுக்கிற கை எவ்வளவு ஆசையோடு நுழைந்தாலும், உள்ளே கிடக்கும் பந்துகளின் விகிதம் இம்மியும் அசையாது.

அதே அதிகாரத்தில் அவர் கூறும் மற்றொரு செய்தியையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன். ஆண்குழந்தையை ஆவலோடு எதிர்நோக்கியிருந்த தகப்பன்மார் சிலர், தங்களுக்குப் பிள்ளை பிறக்கவிருந்த மாதத்தில் அயலார் வீடுகளில் ஆண்குழந்தைகள் பிறந்தன என்று கேள்விப்பட்டால் கலங்கினார்களாம்; மாதக்கடைசியில் கணக்கு நேராகவேண்டுமாகையால், ஆண்கள் முன்னரே பிறந்துவிட்டால் தமக்குப் பெண்ணே எஞ்சும் என்பது அவர்களுடைய அச்சம். லாப்லாஸ் கண்ட மனிதர்களே இவ்வாறு எண்ணினார்கள் என்றால், மூன்று பெண்களுக்குப் பின் நான்காவது ஆணாகத்தான் இருக்கும் என்று நம் ஊரில் ஒரு பாட்டி ஆறுதல் கூறுவதை நாம் பேதைமை என்று இகழ்வதற்கில்லை. முன்பு நிகழ்ந்தவற்றை இயற்கை நினைவில் வைத்திருக்கும் என்னும் எண்ணம், ஆசையும் அச்சமும் உள்ள எந்த மனத்திலும் தானே முளைக்கக்கூடியது.

இனி, விடை இவ்வளவு தெளிவாயிருக்க, சண்டை ஏன் ஓயவில்லை என்பதைப் பார்ப்போம். இந்த மண் வழக்குகளுக்குப் புதியதன்று. இத்தாலுகாவிலுள்ள திருநாவலூரில் அவதரித்த சுந்தரருடைய திருமணத்தைக் கிழவேதியராக வந்த இறைவன் தடுத்து, அவர் தமக்கு அடிமை என்று வாதிட்டு, திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் ஓலை காட்டி வென்ற வரலாற்றைப் பெரிய புராணம் கூறுகிறது. அங்கே வழக்கு தீர்ந்ததற்குக் காரணம், எதைப் பற்றி வழக்கு என்பதில் இரு தரப்பாருக்கும் கருத்துவேற்றுமை இல்லாமையே. ஓலை மெய்யா பொய்யா என்ற ஒரே கேள்விதான் சபையின்முன் இருந்தது. நம்முடைய புதிரிலோ, வாதிடுகிறவர்கள் ஒரே கேள்விக்கு விடை சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தமக்குத் தெரியாமலே கேள்வியைச் சிறிது மாற்றிக்கொண்டு, மாற்றிய கேள்விக்குச் சரியான விடையைச் சொல்கிறார்கள்.

ஆண்களே மிகுதி என்பவர் குடும்பங்களை எண்ணுகிறார். ஒவ்வொரு வீட்டிலும் பெண்குழந்தைகளின் பங்கு எவ்வளவு என்று தனித்தனியே கணித்து, பாதி வீடுகளில் சுன்னம், நாலில் ஒரு பங்கு வீடுகளில் பாதி, எட்டில் ஒரு பங்கு வீடுகளில் மூன்றில் இரண்டு என்று எழுதி, அவற்றுக்குச் சராசரி கண்டால், அது நூற்றுக்கு ஏறத்தாழ 31 என்றுதான் வரும். இந்த 31 பொய்யன்று. ஆனால் இது வீடுகளின் சராசரியே தவிர ஊரின் விகிதம் ஆகாது. ஒரு குழந்தையுள்ள வீட்டுக்கும் ஆறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கும் சமமான மதிப்பெண் கொடுத்துவிட்டபடியால், பெண்கள் நிறைந்த பெரிய வீடுகள் அதில் ஒடுங்கிப்போயின. பெண்களே மிகுதி என்பவரோ, பெண்கள் நிரம்பிய வீட்டையே நினைவில் வைத்திருக்கிறார். ஒரே மகனோடு நின்றுபோன வீட்டில் குறிப்பிட்டுப் பேச ஒன்றுமில்லை, ஆறாவது பேற்றில் ஆண் பிறந்த வீட்டையோ தெருவே பேசும்.

சமம் என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. அமெரிக்கப் பொருளியலறிஞர் ஸ்டீவன் லாண்ட்ஸ்பர்க் 2010ஆம் ஆண்டில் இதைப் பற்றிக் கடுமையான விவாதம் ஒன்றைக் கிளப்பினார். ஆண்களின் எதிர்பார்ப்பு எண்ணிக்கையும் பெண்களின் எதிர்பார்ப்பு எண்ணிக்கையும் சமமே. ஆயினும் ஊரில் பெண்களின் பங்கு எவ்வளவு என்பதன் எதிர்பார்ப்பு, பாதியைவிடச் சற்றே குறைவு என்பது அவர் கட்சி. அவர் சொன்னது சரி. நாலே குடும்பங்கள் உள்ள ஊரில் அது நூற்றுக்கு ஏறத்தாழ 44. குடும்பங்கள் பெருகப் பெருகக் குறை தேய்ந்து, ஆயிரம் குடும்பங்களுள்ள ஊரில் கண்ணுக்கே தெரியாமல் போய்விடுகிறது. கற்றோர் இத்தகைய நுணுக்கங்களில் மாறுபடும்போது, மற்றவர்கள் புதிரே தீராதது என்று எண்ணிவிடுகிறார்கள். 1990ஆம் ஆண்டில் மர்லின் வாஸ் சவாந்த் என்னும் அம்மையார், மூன்று கதவுகளுள் ஒன்றன்பின் மோட்டார்வண்டி மறைத்துவைக்கப்பட்ட புதிருக்குப் பத்திரிகையில் சரியான விடை எழுதியபோது, அவரை மறுத்து ஆயிரக்கணக்கான கடிதங்கள் குவிந்தன. முனைவர் பட்டம் பெற்றவர்களும் அவர்களில் பலர். தவறாக எழுதியவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். கண்முன்னே கண்ட ஒன்றை எவ்வாறு காண நேர்ந்தது என்று விசாரியாமல், கண்டதையே முழுமை என்று கொண்டதுதான் அவர்களிடம் நேர்ந்த பிழை. நம் புதிரிலும் அதுவே நேர்கிறது.

இதுவரை கூறியது குடத்தின் கணக்கு. இனிக் குடும்பத்தின் கணக்குக்கு வருகிறேன். இன்றைய பேச்சில் நான் முக்கியமாகக் கருதுவது இதையே.

ஆண்மகவு பிறக்கும்வரை என்னும் விரதம் கற்பனையன்று. தென்னாட்டுக் கிராமங்களில் போதும்பொண்ணு என்ற பெயரை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம்; திருத்தணிப் பக்கத்துச் சிற்றூர்களில் வேண்டாம் என்றே பெயரிடும் வழக்கமும் இருந்திருக்கிறது. அப்பெயரை வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்பது நம்பிக்கை. அடுத்த பேற்றின் வாய்ப்பு அப்பெயரால் மாறவில்லை. அந்தப் பெண்தான் பள்ளிப் பதிவேட்டிலும் கலியாணப் பத்திரிகையிலும் அப்பெயரைச் சுமந்தாள்.

இவ்வழக்கத்தைத் தேச அளவில் எண்களாகக் காட்டியது, அப்போது தலைமைப் பொருளாதார ஆலோசகராயிருந்த அரவிந்த் சுப்பிரமணியன் தலைமையில் தயாரிக்கப்பட்ட 2017-18ஆம் ஆண்டின் இந்தியப் பொருளாதார ஆய்வறிக்கை. குடும்பத்தின் கடைசிக் குழந்தை ஆணா, பெண்ணா என்பதை அது ஆராய்ந்தது. இயற்கையில் ஒரு பெண்ணுக்கு 1.05 ஆண் என்ற விகிதத்தில் பிறப்பு நிகழ்கிறது. ஆனால் ஒரே குழந்தையோடு நின்றுவிட்ட இந்தியக் குடும்பங்களில் அது ஒரு பெண்ணுக்கு 1.82 ஆண் என்று இருந்தது. நமது 1,024 குடும்பங்கள் மூன்று பிள்ளைகளுக்கு மேல் பெறுவதில்லை என்று ஒரு வரம்பு கட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். மொத்தத்தில் 896 ஆண்கள், 896 பெண்கள், சமமே. கடைக்குட்டிகளை மட்டும் எண்ணினாலோ, 896 ஆண்கள், 128 பெண்கள், ஏழுக்கு ஒன்று. மொத்த விகிதத்தில் ஒரு கீறலும் விழாமல், கடைசிக் குழந்தையின் விகிதம் இவ்வளவு கோணலாகக்கூடும். ஆகையால், பெற்றோருடைய விருப்பத்தின் சுவடு ஊரின் மொத்த எண்ணிக்கையில் தென்படாது. பிள்ளைகளின் வரிசையிலேதான் தென்படும்.

மொத்த எண்ணிக்கை மாறவில்லை, ஆகவே இவ்விரதம் யாருக்கும் தீங்கற்றது என்று சிலர் வாதிக்கக்கூடும். அந்த வாதத்தை நான் முற்றாக மறுக்கிறேன். முதலிற்கூறிய வரம்பற்ற ஊருக்கே திரும்பி, ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியே அழைத்து, உன் வீட்டில் நீங்கள் எத்தனை பேர் என்று கேட்போம். ஆண்பிள்ளைகளின் விடைகளுக்குச் சராசரி இரண்டு. அதாவது அவனும் உடன்பிறந்தார் ஒருவரும். பெண்பிள்ளைகளின் விடைகளுக்குச் சராசரி நான்கு. அவளும் உடன்பிறந்தார் மூவரும். அதே ஊர், அதே வீடுகள், ஆணும் பெண்ணும் சம எண்ணிக்கை. இருந்தும், பெண்ணாகப் பிறந்தவள் சராசரியில் இரு மடங்கு பெரிய குடும்பத்தில் வளர்கிறாள். வீட்டின் வருமானம் ஒன்றே என்று கொண்டால், அவளுக்குக் கிடைக்கும் பாலும் புத்தகமும் வைத்தியமும் சராசரியில் அவனுக்குக் கிடைப்பதில் பாதிக்கும் குறைவு. இத்தனைக்கும் அந்தப் பெற்றோர் ஓரவஞ்சனை சிறிதும் அறியாதவர்கள் என்றும், எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகவே பரிமாறினார்கள் என்றும் வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. தாயன்பில் குறையில்லாத வீட்டிலும், நிறுத்தும் விதி ஒன்றே இந்த அநீதியை விளைத்துவிடுகிறது. அவ்வாய்வறிக்கை, மகனை எதிர்பார்த்து அடுத்தடுத்துப் பெற்றதனால் பிறந்த, பெற்றோரால் விரும்பப்படாத பெண்களை 2 கோடியே 10 லட்சம் என்று மதிப்பிட்டது. அவர்கள் மக்கள்தொகைக் கணக்கில் இருக்கிறார்கள். ஆண்பெண் விகிதத்தை மட்டும் பார்க்கிறவருக்கு அவர்களால் ஒரு குறையும் தெரியாது.

இனிக் கணக்கிலேயே இல்லாதவர்களைப் பற்றிக் கூறவேண்டும். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் ஆயிரம் ஆண்களுக்கு இந்தியாவில் 1991ஆம் ஆண்டில் 945 பெண்கள் இருந்தார்கள். 2001இல் 927, 2011இல் 919. தமிழ்நாட்டில் 2011இல் 943. நம் தாலுகாவை அடுத்திருப்பதும், 1993 வரை நம்மோடு ஒரே தென்னார்க்காடாக இருந்ததுமாகிய கடலூர் மாவட்டத்தில் அது 896 ஆகக் குறைந்து, மாநிலத்திலேயே கடைசியில் நின்றது. இயற்கை விகிதத்தின்படி ஆயிரம் ஆண்களுக்கு ஏறத்தாழ 952 பெண்கள் பிறத்தல் வேண்டும்.

இந்தக் குறைவுக்கு அடிக்கடி கூறப்படும் சமாதானம், நம் மக்கள் ஆண் பிறந்ததும் நிறுத்திவிடுகிறார்கள், அதனால்தான் பெண்கள் குறைந்துவிட்டார்கள் என்பது. படித்தவர்களும் இதை நம்பிக்கையோடு கூறக் கேட்டிருக்கிறேன். இருநூறு ஆண்டுகளுக்குமுன் லாப்லாஸ் தள்ளிய அதே பிரமை இங்கே சமாதானமாகத் திரும்பி வந்திருக்கிறது! நிறுத்துவதனால் விகிதம் மாறாது. தம்பதிக்குத் தம்பதி வாய்ப்பு வேறுபடக்கூடும், சில தம்பதிகளுக்குப் பெண்பேறே மிகுதியாக வாய்க்கக்கூடும் என்று ஒருவர் ஆட்சேபித்தால், அதையும் ஏற்றுக்கொண்டே கணக்கிடலாம். அப்போது மீண்டும் மீண்டும் பெற்றுச் செல்பவர்கள் பெண்பேறு மிக்க தம்பதிகளே ஆவராதலால், இவ்விரதம் ஊரில் பெண்களின் எண்ணிக்கையைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது. ஆகவே அந்தச் சமாதானம் எந்த வழியிலும் நிற்கவில்லை. பெண்கள் குறைந்திருந்தால், பிறப்பதற்கு முன்னரோ பிறந்த பின்னரோ அவர்களை யாரோ குறைத்திருக்கிறார்கள். ஓர் எளிய புதிரின் விடை இத்தனை பேருக்குக் கசப்பாயிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். குற்றத்தை வாய்ப்பின்மேல் ஏற்றி இளைப்பாறுவதற்கு இருந்த நிழலை இவ்விடை அகற்றிவிடுகிறது.

நேரான சான்றும் உண்டு. பிரபாத் ஜாவும் அவருடன் ஆராய்ந்தவர்களும், 11 லட்சம் இந்தியக் குடும்பங்களில் எடுத்த விவரங்களைக்கொண்டு 2006ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரை, முன்பிறந்த குழந்தை எதுவென்பதை வைத்து அடுத்த பிறப்பைப் பிரித்துப் பார்த்தது. முதற்குழந்தை பெண்ணாயிருந்த வீடுகளில் இரண்டாவதாக ஆயிரம் ஆண்களுக்கு 759 பெண்களே பிறந்திருந்தார்கள். முதலிரண்டும் பெண்களாயிருந்த வீடுகளில் மூன்றாவது பேற்றில் 719. முன்பிறந்தது ஆணாயிருந்த வீடுகளிலோ இக்குறைவு இல்லை. குடத்துக்கு நினைவில்லை என்று கண்டோம். ஆகவே முன்பிறந்தது பெண் என்பதை நினைவில் வைத்திருந்து இவ்வாறு செய்தது இயற்கையாக இருக்க முடியாது. ஸ்கேன் கருவியை நாடிச் சென்ற மனிதர்களே அதை நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு புதிரின் விடை நீதிமன்றத்துச் சாட்சியைப்போல் இவ்வளவு திட்டமாகப் பேசுவதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கருவிலிருப்பது ஆணா, பெண்ணா என்று அறிவித்தலைத் தடுக்கும் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு, 1996இல் நடைமுறைக்கு வந்து, 2003இல் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்குப் பின், அந்நாள் உளுந்தூர்பேட்டையையும் உள்ளடக்கியிருந்த விழுப்புரம் மாவட்டத்துக்கும், கடலூர், அரியலூர் முதலிய மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. இவை அறிந்த செய்திகள். இவற்றை நான் விரிக்கவில்லை. அதே 1992இல் தோன்றிய பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம் மட்டும் நம் விஷயத்தோடு நெருங்கிய தொடர்புடையது. ஆண்வாரிசு இல்லாமல், ஒரு பெண்ணோடோ இரு பெண்களோடோ நின்று, பெற்றோரில் ஒருவர் கருத்தடை செய்துகொண்டால், அப்பெண்களின் பெயரில் அரசு ஒரு தொகையை வைப்பீடு செய்கிறது. பிறப்பின் விகிதத்தை எந்த அரசாணையாலும் மாற்ற முடியாது. நிறுத்தும் விதியை மாற்ற முடியும். பெண்ணோடு நிற்கலாம் என்று ஒரு குடும்பம் தீர்மானித்தால், அப்பெண் வளரும் வீடு சிறியதாகிறது. நாலு பேருக்குப் பகிர்ந்தது இரண்டு பேருக்குப் போதுமானதாகிறது. அத்தொகையின் அளவைப் பற்றிக் குறைகூற இடமிருக்கலாம். நோய் எங்கே இருக்கிறது என்பதை அதை வகுத்தவர்கள் கண்டறிந்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நம் மாவட்டங்களைப் பற்றி வெளியாகும் விகிதங்கள் எல்லாம் பெரும்பாலும் மொத்த விகிதங்களே. முதற்பிள்ளை பெண்ணாயிருந்த வீடுகளில் அடுத்துப் பிறந்தது எது என்னும் ஒற்றைக் கேள்விக்குரிய விடை, கிராம சுகாதாரச் செவிலியரின் ஏடுகளிலும் அங்கன்வாடி ஆசிரியையின் நினைவிலும் சிதறிக் கிடக்கிறது. நம் கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019இல் தனியாகப் பிரிந்து சில ஆண்டுகளே ஆகின்றன. தன்னைத் தானே எண்ணிப் பார்க்க இது நல்ல காலம். யாருடைய பெயரையும் எழுதாமல் எண்களை மட்டும் தொகுப்பது இங்கே வந்திருக்கும் கணித ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யக்கூடிய காரியம்.

செய்யும்போது ஒரு ஜாக்கிரதை வேண்டும். ஒரு சிற்றூரில் அத்தகைய 200 பிறப்புகள் கிடைத்தால், அவற்றில் ஆண்கள் 102 அளவில் இருக்கவேண்டும். தற்செயலாகவே அது 14 கூடவோ குறையவோ செய்யலாம். ஆகவே அங்கே 112 ஆண்கள் என்று கண்டு அந்த ஊரார்மேல் பழி சுமத்துவது பெரும் பாவம். தாலுகா முழுவதும் தேடி 5,000 பிறப்புகளைத் திரட்டினால், எதிர்பார்க்கத்தக்கது 2,561. தற்செயலின் ஆட்டம் 71 அளவில் அடங்கிவிடும். ஜாவின் கட்டுரை கண்ட விகிதமே இங்கும் நிலவுமானால், ஆண்கள் 2,840க்கு மேல் இருப்பார்கள். இவ்விரண்டுள் எதற்கு அருகில் நம் தாலுகா நிற்கிறது என்பதை அடுத்த ஆண்டு இவ்வறக்கட்டளைச் சொற்பொழிவை நிகழ்த்த வருகிறவர் இந்த மேடையில் நின்று சொல்லக்கூடுமானால், நான் வந்து முன்வரிசையில் அமர்ந்து கேட்பேன்.